பெட்டியின் உயரம்

ஆய்வுக்கூடத்திலிருந்து பன்னிரண்டு செடி வந்தது,
நோயற்றவை என்ற சான்றிதழோடு.
ஹோல்கர் கையெழுத்துப் போட்டு வாங்கினார்,
பண்ணைக்குள் யாரோ பட்டம் வாங்கி வந்ததுபோல.

ஓடன்சேக்கு வடக்கே எங்கள் கண்ணாடிக் கூடம்.
செப்டம்பரில் மாலை ஐந்துக்கே
கறுப்புத் திரையை இழுத்து மூடுவது என் வேலை.
நீண்ட இரவு கொடுத்தால்தான் இலை சிவக்கும்.
ஆமாம், இலைதான்.
பூவென்று சொல்லி வாங்குகிறார்கள்,
நாங்கள் திருத்துவதில்லை.
டேனிஷில் இதற்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று பெயர்.

மற்ற நாற்பதாயிரமும் குள்ளம்,
குடைபோல விரிந்தவை,
தொட்டிக்கு ஏழெட்டுச் சிவந்த தலை.
இந்தப் பன்னிரண்டு மட்டும்
கிளை என்ற சொல்லையே கேள்விப்படாதவை.
ஒரே தண்டு. என் இடுப்பு, பிறகு மார்பு.
உச்சியில் ஒற்றைச் சிவப்பு,
தீக்குச்சி நிற்கிற மாதிரி.

ஹோல்கர் அளவுநாடாவோடு வந்தார்.
பெட்டியின் உயரம் முப்பத்தைந்து சென்டிமீட்டர்.
செடியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.
ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசினார்:
"இதற்கு என்ன வியாதி?"
"வியாதி இல்லை" என்றார்கள்.
"அதுதான் விஷயம்."

அன்றுதான் தெரிந்தது
இத்தனை வருடம் நாங்கள் எதை விற்றோம் என்று.

சாறு ஓடும் குழாய்க்குள்
செல்சுவர்கூட இல்லாத ஒரு நுண்ணுயிர்.
நுனிமொட்டு மேலிருந்து
ஆக்சினைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும்:
தூங்கு, இன்னும் விடியவில்லை, தூங்கு.
ஒவ்வோர் இலையின் அக்குளிலும் ஒரு மொட்டு
சொன்னபடி கண்மூடிக் கிடக்கும்.
குடியேறியவனோ அந்தப் பேச்சில் புகுந்து குழப்புகிறான்.
எப்படி என்று முழுக்கத் தெரியாதாம்,
ஹார்மோன்களின் கணக்கைப் புரட்டுகிறானாம்.
அக்குளெல்லாம் விழித்துக்கொள்கிறது.
எல்லாரும் எழுந்தபின்
நுனிக்கு ஏது அதிகாரம்?

வில்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
லிதுவேனியாக்காரி, பத்து வருடமாக இங்கே,
நாற்பதாயிரத்தில் பாதி அவள் நட்ட துண்டு.
"போன மாதம் எனக்கும் காய்ச்சல்.
ஒரு கிளையும் முளைக்கலையே."

பிறகு பிளேடைக் கொதிநீரில் முக்கினாள்.
எதற்கு அவ்வளவு சுத்தம் என்று கேட்டேன்,
தொற்றைத்தானே வைக்கப் போகிறோம்?
"இது அழைத்த தொற்று" என்றாள்.
"அழைக்காதது உள்ளே வரக்கூடாது."

குள்ளச் செடியின் துண்டை ஆப்பாகச் சீவி
நெட்டைத் தண்டின் பிளவில் செருகினாள்.
நாடா சுற்றினாள். வெள்ளைப்பால் வடிந்தது.
இரண்டு உடம்பின் குழாய்கள்
ஒன்றையொன்று தேடிப் பிடிக்க மூன்று வாரம்.
அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை,
நான் எதிர்பார்த்தது ஏதோ சத்தம்.

பதினோராவது வாரம்
கீழிருந்து நான்காம் கணுவில்
அரிசி முனை அளவு பச்சை.
மறுநாள் ஐந்தாவதில்.
ஹோல்கர் குனிந்து பார்த்துவிட்டு
முதுகைத் தட்டினார், என் முதுகை,
நான் ஒன்றும் செய்யவில்லை.
பெட்டிகள் மீண்டும் மூடின.

பதினோரு செடிக்குத்தான் ஒட்டு வைத்தாள்.
பன்னிரண்டாவது கொதிகலன் அறைக்குப் பக்கத்தில்,
கணக்கில் வராமல், என் தலைக்கு மேலே ஒரு சாண்.

டிசம்பர் கடைசி வெள்ளி
அதைச் செய்தித்தாளில் சுற்றி
வில்யா பேருந்தில் ஏற்றினாள்.
சிவந்த உச்சி கூரையில் இடித்து வளைந்தது.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:
"அந்த ஆளுக்கு டிக்கெட்?"

அவள் இரண்டு டிக்கெட் எடுத்தாள்.